3.30-இல் நின்ற கோப்பு: பட்டம் முடித்தபின் மருத்துவப் பள்ளி விண்ணப்பத்தை வலுப்படுத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் எம்.டி. என்பது நம் ஊரில் சொல்கிற மேற்படிப்பு அல்ல. நான்கு ஆண்டு இளங்கலை முடித்துவிட்டு, மருத்துவராவதற்காகச் சேரும் முதல் பட்டமே அதுதான். அங்கே ஒரு சுற்று விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போனால், நம்மவர் வீடுகளில் உடனே எழும் கேள்வி ஒன்று உண்டு: “எம்கேட்டை இன்னொரு தடவை எழுதிப் பார்த்தால் என்ன?” எம்கேட் என்பது அங்கே மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வு. இது நீட் பழக்கத்தில் வரும் கேள்வி. நீட்டில் இந்த ஆண்டு மதிப்பெண் வந்தால் போன ஆண்டு மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கோப்பு அப்படியல்ல, அது பேரேடு மாதிரி. பழைய பற்று எதுவும் அழியாது. புதிதாக வரவு வைக்கலாம், அவ்வளவுதான்.

கீழே வருவது ஒரே ஆளின் வரலாறு அல்ல. அடிக்கடி கண்ணில் படும் குறைகளை ஒரே கோப்பில் சேர்த்து, கணக்கு விளங்கும்படி எண்களை அமைத்திருக்கிறோம். விதிகளும் வரம்புகளும் நடைமுறையில் உள்ளவை.

மார்ச் 2022: கோப்பு இருந்த நிலை

விண்ணப்பதாரர் நியூ ஜெர்சியில் வளர்ந்த அமெரிக்கக் குடிமகள். 2021 மே மாதம் உயிரியலில் பட்டம் பெற்றார். அதே ஜூன் மாதம் எம்கேட் எழுதி 503 வாங்கினார். ஜூலைக் கடைசியில் 28 எம்.டி. பள்ளிகளுக்கு ஆம்காஸ் வழியாக விண்ணப்பித்தார். (எம்.டி. பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ்தான் பொது விண்ணப்பம்.) ஒரு நேர்முகத் தேர்வுகூட வரவில்லை.

வீட்டில் சொன்ன காரணம் எம்கேட். கோப்பைப் பிரித்துப் பார்த்தால் எம்கேட் நான்காவது, ஐந்தாவது காரணமாகத்தான் வருகிறது.

அவர் தன் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் கிரேடுச் சராசரி) 3.38 என்றே நம்பியிருந்தார். கல்லூரி கொடுத்த மதிப்பெண் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. ஆம்காஸ் காட்டியது 3.30. முதலாண்டில் பொது வேதியியலில் டி கிரேடு வாங்கி, மறுபடி எடுத்து பி வாங்கியிருந்தார். அவர் படித்த கல்லூரியின் விதிப்படி பழைய கிரேடு கணக்கிலிருந்து நீங்கிவிடும். ஆம்காஸில் இரண்டும் சேரும். ஆஸ்டியோபதி மரபிலிருந்து வந்த, எம்.டி.யைப் போலவே மருத்துவராக்கும் டி.ஓ. பள்ளிகளுக்கான ஆகோமாஸ் விண்ணப்பத்தில் மறுபடி எடுத்த கிரேடே பழையதின் இடத்தைப் பிடிக்கும் சலுகை முன்பு இருந்தது. 2017-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்னமும் பழைய ஆலோசனையைக் கேட்டுக்கொண்டு, பி வாங்கிய பாடத்தை ஏ-வுக்காகத் திரும்ப எடுப்பவர்கள் இருக்கிறார்கள். காசும் ஒரு பருவமும் வீண்.

கணக்கு இது. கல்லூரியின் 108 கிரெடிட், 3.38 வீதம், 365.04 புள்ளி. மறைந்திருந்த டி கிரேடு 4 கிரெடிட், 4 புள்ளி. இவற்றோடு உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே சமுதாயக் கல்லூரியில் எடுத்த இரண்டு பாடங்கள்: 4 கிரெடிட் பி, 4 கிரெடிட் ஏ மைனஸ், மொத்தம் 26.8 புள்ளி. கூட்டினால் 120 கிரெடிட்டுக்கு 395.84. வகுத்தால் 3.30.

அந்த இரண்டு சமுதாயக் கல்லூரிப் பாடங்கள் ஜிபிஏவைக் கெடுக்கவில்லை, கெடுத்தது காலத்தை. பதினாறு வயதில் எடுத்த பாடமானாலும் கல்லூரி கிரெடிட் என்றால் அதன் டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) ஆம்காஸுக்குப் போயாக வேண்டும். இவர் அனுப்ப மறந்தார். எல்லா டிரான்ஸ்கிரிப்டும் வராமல் விண்ணப்பம் சரிபார்ப்பு வரிசையிலேயே நுழையாது. ஆகஸ்ட் இறுதியில் அது போய்ச் சேர்ந்து, நெரிசலான வரிசையில் நின்று, சரிபார்ப்பு முடிந்தபோது அக்டோபர். பள்ளிகள் கேட்ட இரண்டாம் கட்டக் கட்டுரைகளை முடித்தபோது நவம்பர். பெரும்பாலான பள்ளிகள் கோப்பு வர வரவே நேர்முக இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். நவம்பரில் வந்த 3.30 கோப்பை யாராவது முழுசாகப் படித்திருந்தாலே ஆச்சரியம்.

இன்னொரு குறை எந்த எண்ணிலும் தெரியாது. நோயாளிகளோடு இருந்த அனுபவம் என்று காட்டியவை: மருத்துவரான மாமாவின் கிளினிக்கில் 60 மணி நேரம் உடனிருந்து பார்த்தது, மருத்துவமனைத் தகவல் மேசையில் 80 மணி நேரம், கோடை விடுமுறையில் தமிழ்நாட்டில் மாமாவின் நண்பர் நடத்தும் மருத்துவமனையில் நான்கு வாரம். அந்த நான்கு வாரக் குறிப்பில் “இரண்டு தையல் போடும் வாய்ப்புக் கிடைத்தது” என்று பெருமையாக எழுதியிருந்தார். பயிற்சியில்லாத மாணவர் வெளிநாட்டில் நோயாளி மேல் கை வைப்பதை எதிர்த்து, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி வழிகாட்டு நெறியே வெளியிட்டிருக்கிறது. சாதனை என்று இவர் எழுதிய வரியை, தேர்வுக்குழுவில் இருப்பவர் நெறிப் பிழை என்று வாசிப்பார். இந்தக் கோப்பிலேயே மிக மோசமான வரி அதுதான். டி கிரேடைவிட மோசம்.

எவ்வளவு ஏறும்?

எம்.டி. பள்ளிகளில் சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டியும் எம்கேட் 512-ஐ ஒட்டியும் இருக்கிறது. டி.ஓ. பள்ளிகளில் ஏறத்தாழ 3.6, 504. 3.30-ஐ எங்கே கொண்டுபோய் நிறுத்தலாம் என்று கேட்பதற்கு முன்னால் பேனாவை எடுக்க வேண்டும்.

பட்டத்துக்குப் பின் இளங்கலை நிலையில் எடுக்கும் பாடங்களும் அதே மொத்த ஜிபிஏவில்தான் சேரும். எல்லாவற்றிலும் முழு ஏ வாங்கினால்கூட 3.30-ஐ 3.50 ஆக்க 48 கிரெடிட் வேண்டும். 3.60 ஆக்க 90 கிரெடிட், அதாவது முழுநேரமாக மூன்று ஆண்டு. வகுக்கும் எண் ஏற்கெனவே 120-ஆக இருப்பதால் வரும் வினை இது. 3.60-ஐத் துரத்துவது வேண்டாம் என்று முதல் ஆலோசனைச் சந்திப்பிலேயே முடிவானது.

துரத்த வேண்டியது வேறு. ஆம்காஸ் அறிக்கை மொத்தத்தை மட்டும் காட்டுவதில்லை. முதலாண்டு, இரண்டாமாண்டு என்று வரிசையாகக் காட்டி, பட்டத்துக்குப் பிந்தைய பாடங்களுக்கென்று தனி வரியும் வைக்கிறது. அந்த வரிசையில் அறிவியல், கணிதத்துக்குத் தனி நெடுவரிசை உண்டு. அந்தத் தனி வரியில் முப்பது கிரெடிட்டுக்கு மேல் 3.8-ஐத் தாண்டி நின்றால், மொத்தம் 3.4 ஆனாலும் வாசிப்பவருக்கு இரண்டு மாணவர்கள் தெரிவார்கள்: பதினெட்டு வயதில் ஒருவர், இருபத்து மூன்றில் ஒருவர். இது எல்லாப் பள்ளியிலும் எடுபடாது. எடுபடும் பள்ளிகளுக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதும்.

எங்கே படிப்பது என்பதில் மூன்று வழி இருந்தது. முதல் வழி, பிரின் மார், கவுச்சர் போன்ற கல்லூரிகள் நடத்தும் முறையான பட்டப் பின்படிப்பு. புகழ்பெற்றவைதான், ஆனால் அவை அறிவியலே படிக்காமல் துறை மாறி வருபவர்களுக்கானவை. உயிரியல் பட்டதாரிக்கு இடமில்லை. இரண்டாவது, சிறப்பு முதுகலை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் திட்டம் இதில் பழையது. மருத்துவ மாணவர்களின் பாடங்களையே அவர்களோடு எடுத்து, அவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் வாங்க வேண்டும். இரண்டு காரணத்தால் இவருக்கு வேண்டாம் என்றோம். முதுகலை கிரேடு தனி வரியில் போகும், இளங்கலை ஜிபிஏவை ஒரு புள்ளிகூட அசைக்காது. அங்கே பி மைனஸ் வந்தால் “மருத்துவப் பாடம் இவரால் முடியாது” என்று எழுதிக் கொடுத்த சான்று ஆகிவிடும், அதற்குப் பிறகு மருந்து இல்லை. இளங்கலைப் பாடங்களை ஏற்கெனவே வேண்டிய அளவு எடுத்து முடித்தவர்கள் கடைசி அம்பாக வைத்துக்கொள்ள வேண்டியது அது.

மூன்றாவது வழியைத் தேர்ந்தார்: வீட்டுக்கு அருகில் உள்ள நான்காண்டு மாநிலப் பல்கலைக்கழகத்தில், மாநிலவாசிக் கட்டணத்தில், தானே பாடங்களைத் தேர்ந்து படிப்பது. இதில் எல்லோரும் விழும் குழி, பட்டம் நாடாத மாணவராகப் பதிவதுதான். அவர்களுக்குப் பாடப் பதிவு கடைசியாகத் திறக்கும். அதற்குள் உயிர்வேதியியல் நிரம்பியிருக்கும். இரண்டாம் இளங்கலைப் பட்டம் நாடுபவர் என்று சேர்ந்தால் பதிவு முன்னால் வரும், கூட்டரசுக் கடனுக்கும் வழி இருக்கும். அந்தப் பட்டத்தை முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

பாடங்கள் இப்படி அமைந்தன. 2022 இலையுதிர் பருவத்தில் உயிர்வேதியியல் ஒன்று, ஆய்வகத்தோடு மனித உடலியங்கியல், புள்ளியியல்: 10 கிரெடிட். வேலையும் செய்துகொண்டே படிப்பதால் வேண்டுமென்றே குறைவாக வைத்தது. 2023 வசந்தத்தில் மரபியல், நுண்ணுயிரியல், செல் உயிரியல், கரிம வேதியியல் இரண்டு: 14 கிரெடிட். 2023 இலையுதிரில் நோயெதிர்ப்பியல், உயிர்வேதியியல் இரண்டு, உடற்கூறியல்: 10 கிரெடிட்.

கரிம வேதியியல் இரண்டை மட்டும் ஏன் மறுபடி? அதில் பழைய கிரேடு சி மைனஸ். பல பள்ளிகள் கட்டாயப் பாடத்துக்குச் சி-க்குக் கீழே ஏற்காது. கரிம வேதியியல் ஒன்றில் வாங்கியது சி. அதைத் தொடவில்லை. உயிர்வேதியியலில் ஏ வாங்கினால் அந்தச் சி-க்குப் பதில் சொன்ன மாதிரிதான்.

கிடைத்தது 34 கிரெடிட்டுக்கு 131.1 புள்ளி, அதாவது 3.86. இரண்டு ஏ மைனஸ், கரிம வேதியியலில் ஒரு பி பிளஸ், மற்றதெல்லாம் ஏ. மொத்தம் 3.30-இலிருந்து 3.42. அறிவியல் ஜிபிஏ 62 கிரெடிட்டுக்கு 3.05-ஆக இருந்தது, 96 கிரெடிட்டுக்கு 3.34 ஆனது. மூன்று பருவ உழைப்புக்கு மொத்தத்தில் 0.12. எண்ணை மட்டும் பார்த்தால் அழுகைதான் வரும்.

எம்கேட்

503-இன் உடைப்பு: வேதியியல்-இயற்பியல் 126, வாசிப்புப் பகுதி 124, உயிரியல் 127, உளவியல்-சமூகவியல் 126. பட்டமளிப்பு முடிந்த சூட்டோடு ஏழு வாரம் புத்தகம் படித்துவிட்டு எழுதியது. ஏஏஎம்சி வெளியிடும் மாதிரித் தேர்வுகளை முதல் மூன்று வாரத்திலேயே, பாடம் முடியும் முன்பே, எழுதித் தீர்த்திருந்தார். அவை உண்மைத் தேர்வுக்கு மிக நெருக்கமானவை, எண்ணிக்கை சொற்பம். கடைசி ஆறு வாரத்துக்கு வைத்திருக்க வேண்டியவை.

மறுமுறை எழுதுவதற்கு வரம்பு உண்டு: ஓராண்டில் மூன்று, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு, வாழ்நாளில் ஏழு. தேர்வறையில் உட்கார்ந்துவிட்டு, மதிப்பெண் வேண்டாம் என்று ரத்து செய்தாலும் ஒரு முறை கழிந்துவிடும். ஆனால் இவரைத் தடுத்தது இந்த வரம்பு அல்ல. 2022-இலேயே எழுதிவிடலாம் என்று வீட்டில் வற்புறுத்தினார்கள். உயிர்வேதியியலும் உடலியங்கியலும் படித்து முடிக்காமல் எழுதினால் மறுபடி அதே 503-தான் வரும் என்பதால் தள்ளிப்போட்டோம். இரண்டு குறைந்த மதிப்பெண் என்பது ஒன்றைவிட மிக மோசம்.

கடைசிப் பருவம் 2023 டிசம்பரில் முடிந்தது. 2024 ஜனவரி நடு முதல் ஏப்ரல் இறுதி வரை பதினைந்து வாரம், படிப்பு என்றால் எம்கேட் மட்டும். முதல் ஐந்து வாரம் பாடம், மீதி முழுக்கப் பயிற்சி. பெரிய மாற்றத்தைச் செய்தது பிழை நோட்டு. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு வரி. அதிலிருந்து ஒன்று:

“கேள்வி 31. நொதித் தடை, இரட்டைத் தலைகீழ் வரைபடம். நான் போட்டது: போட்டியற்ற தடை. விடை: போட்டித் தடை. பாடம் தெரியுமா? தெரியும். ஏன் தவறு? இரண்டு கோடும் ஒய் அச்சில் சந்திக்கின்றன. நான் அச்சுகளைப் பார்க்காமல் பத்தியில் இருந்த சொல்லைப் பார்த்துப் போட்டேன்.”

ஆறு வாரத்தில் இப்படி நூற்றுக்கு மேல் வரிகள் சேர்ந்தன. அவற்றில் பாதிக்கு மேல் “பாடம் தெரியுமா? தெரியும்” என்றே இருந்தது. அதுவரை அவர் செய்துகொண்டிருந்தது, தவறு வந்ததும் அந்தப் பாடத்தை மறுபடி வாசிப்பது. வைத்தியம் தப்பு. அதன்பிறகு ஒவ்வொரு படத்துக்கும் முதலில் அச்சுகளையும் அலகுகளையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் கேள்விக்குப் போனார்.

வாசிப்புப் பகுதிக்கு 90 நிமிடத்தில் 9 பத்தி, 53 கேள்வி. பத்திக்குப் பத்து நிமிடம். தினமும் இரண்டு பத்தி, கடிகாரத்தோடு. படித்து முடித்ததும் ஆசிரியர் சொல்ல வந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டுத்தான் கேள்விகளைத் திறப்பது. முழுத் தேர்வு ஏழரை மணி நேரம். அதைத் திருத்திப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்கினார். ஒரே மாலையில் திருத்தி முடித்தேன் என்று யாராவது சொன்னால் அவர் திருத்தவில்லை.

வந்தது 513: 128, 126, 130, 129. வாசிப்பு 126-க்கு மேல் ஏறவில்லை. அந்தப் பகுதி பதினைந்து வாரத்தில் பெரிதாக ஏறுவது அரிது.

நோயாளியின் பக்கத்தில்

2022 கோடையில் செவிலிய உதவியாளர் பயிற்சிக்குப் போனார். கூட்டரசு கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். பல மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கும். சான்று வாங்கியதும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வார இறுதிகளில் 16 மணி நேர வேலை. குளிப்பாட்டுவது, படுக்கையில் திருப்பிப் போடுவது, ஊட்டுவது, மலம் துடைப்பது. மருத்துவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலைக்கும் வாய்ப்பு வந்தது. அதில் மருத்துவரின் சிந்தனை புரியும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கோப்பில் இல்லாதது மருத்துவரைப் பார்த்த நேரம் அல்ல, நோயாளியைத் தொட்ட நேரம்.

கூடவே, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் வாரம் இரண்டு மணி நேரம் தன்னார்வம். அந்த இடம் எளிதில் கிடைக்கும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிடம் பணம் பெறும் ஹாஸ்பிஸ்கள், நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்குச் சமமான நேரத்தைத் தன்னார்வலர்களைக் கொண்டு தந்தாக வேண்டும் என்று விதியே இருப்பதால், அவர்கள் எப்போதும் ஆள் தேடுவார்கள். மாமா இல்லாத ஊரில் ஒரு டி.ஓ. குடும்ப மருத்துவரிடம் 30 மணி நேரம் உடனிருந்ததும் சேர்ந்தது, டி.ஓ. பள்ளிகள் சில, டி.ஓ. ஒருவரின் பரிந்துரையை விரும்பும்.

ஆம்காஸில் செயல்பாடுகளுக்கு 15 இடம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்குறி. முக்கியமான மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325. முதல் சுற்றில் அவர் எழுதியது: “தன்னார்வலராகப் பணியாற்றி இரக்கத்தையும் தொடர்புத் திறனையும் வளர்த்துக்கொண்டேன்.” ஆயிரம் விண்ணப்பத்தில் இருக்கும் வரி. இரண்டாம் சுற்றில் ஹாஸ்பிஸ் பற்றி: “செவ்வாய் மாலைகளில் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவருக்குச் செய்தித்தாள் வாசிப்பேன். மூன்றாம் வாரம் விழுங்க முடியாமல் போயிருந்தது, தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாது என்று தெரியும், மறுக்கத் தெரியவில்லை. செவிலியரை அழைத்தேன். அவர் பஞ்சுக்குச்சியால் உதட்டை நனைத்துக்கொண்டே காரணத்தை நோயாளியிடமே விளக்கினார்.” பெயர், ஊர், நோய் எதுவும் இல்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தை மனத்தில் வைத்து, தொழிலையும் மாற்றி எழுதியது. தமிழ்நாட்டுத் தையல் குறிப்பு நீக்கப்பட்டது. உடனிருந்து பார்த்த நேரம் மட்டும் நின்றது.

2024 விண்ணப்பம்

பரிந்துரைக் கடிதம் டிசம்பரிலேயே கேட்டாயிற்று: பருவம் முடிந்த கையோடு, பேராசிரியருக்கு முகம் நினைவிருக்கும்போதே. இரண்டு அறிவியல் பேராசிரியர்கள், பழைய கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர், பராமரிப்பு இல்லத்தின் தலைமைச் செவிலியர், டி.ஓ. மருத்துவர். மாமாவின் கடிதம் இல்லை. மாமாவுக்கு வருத்தம்தான்.

இந்த முறை 14 எம்.டி., 10 டி.ஓ. ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் சேர்ந்தவர்களின் ஜிபிஏ விரிவும், உள்மாநிலத்தவர், வெளிமாநிலத்தவர் எத்தனை பேர் நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டார்கள் என்பதும் கிடைக்கும். 3.42 என்பது பத்தாம் சதமானத்துக்கும் (சேர்ந்தவர்களில் கடைசிப் பத்து சதவீதத்தின் எல்லைக்கும்) கீழே விழும் பள்ளிகள் அடிபட்டன. வெளிமாநிலத்தவரை விரல்விட்டு எண்ணும் அளவே அழைக்கும் மாநிலப் பள்ளிகளும் அடிபட்டன. நியூவர்க்கிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் உள்ள ரட்கர்ஸின் இரண்டு பள்ளிகள், கேம்டனில் உள்ள கூப்பர், ஸ்ட்ராட்ஃபோர்டின் ரோவன் டி.ஓ. பள்ளி என்று சொந்த மாநிலம் முதலில் வந்தது. எச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர் இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை ஏற்கும் பள்ளிகள் குறைவு, அதை முதலில் வடிகட்ட வேண்டும்.

செலவு: 2024-இல் ஆம்காஸில் முதல் பள்ளிக்கு 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 45-க்குச் சற்று மேல். இரண்டாம் கட்டத்துக்குப் பள்ளிக்குப் பள்ளி நூறு டாலரை ஒட்டி. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஏஏஎம்சியின் கட்டண உதவித் திட்டம் உண்டு. எம்கேட்டுக்குப் பதியும் முன்பே அதை வாங்க வேண்டும், கட்டிய பணம் திரும்பாது.

ஜூன் முதல் வாரத்தில் சமர்ப்பித்தார். சமுதாயக் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட் மே மாதமே போயிருந்தது. ஜூலையில் கட்டுரைக் கேள்விகள் குவியும் என்று தெரிந்து, பள்ளிகள் ஆண்டுதோறும் பெரிதாக மாற்றாத கேள்விகளுக்கு முன்கூட்டியே வரைவு வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் இரண்டு வாரத்துக்குள் அனுப்பினார். “கடந்த விண்ணப்பத்துக்குப் பின் என்ன மாறியது?” என்ற கேள்விக்கு ஒரே ஒரு விதி: பழைய கிரேடுக்குச் சமாதானம் ஒரு வாக்கியம், மீதி எல்லாம் செய்தது.

டி.ஓ. நேர்முகம் நான்கு வந்தது, எம்.டி. இரண்டு. இரண்டு எம்.டி. நேர்முகங்களிலும் அந்த டி கிரேடைக் கேட்டார்கள். ஒத்திகை பார்த்த பதில்: “வகுப்புக்குப் போகாமல் ஸ்லைடைப் படித்தால் போதும் என்று நினைத்தேன். இப்போது எப்படிப் படிக்கிறேன் என்பது 34 கிரெடிட்டில் இருக்கிறது. வேண்டுமானால் பிழை நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.” ஒருவர் சொல்லச் சொன்னார், மீதி நேரம் அதிலேயே போயிற்று.

டிசம்பரில் இரண்டு டி.ஓ. பள்ளிகள் இடம் கொடுத்தன. எம்.டி.யில் ஒன்று மறுப்பு, ஒன்று காத்திருப்போர் பட்டியல். டி.ஓ. பள்ளிகளில் இடத்தைப் பிடித்துவைக்கக் கட்டும் முன்பணம் பெரும்பாலும் திரும்பாது. இரண்டுக்கும் கட்டுவதில் பொருளில்லை என்று, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஒன்றுக்கு மட்டும் கட்டினார். காத்திருப்புப் பட்டியலில் உள்ள எம்.டி. பள்ளிக்கு மார்ச்சில் ஒரு பக்கக் கடிதம் போனது. ஏப்ரல் 30-க்குள் பல இடம் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தவிர மற்றதை விட வேண்டும் என்பது எம்.டி. பள்ளிகளின் நடைமுறை என்பதால், பட்டியல் நகர்ந்தால் மே மாதம்தான் நகரும். மே முடிந்தும் அழைப்பு வரவில்லை. ஜூனில் டி.ஓ. பள்ளி தடுப்பூசிச் சான்றும் இறுதி டிரான்ஸ்கிரிப்டும் கேட்டது. இந்த முறை மூன்று கல்லூரிகளிலிருந்தும் ஒரே நாளில் அனுப்பச் சொன்னார்.